குங்குமம் வைத்த கட்டை

பிப்ரவரி 24, திங்கள்

மதில்மேல் தட்டில் வைத்த தண்ணீர் ஒரு வாரமாக உறையவில்லை. உறைபனி முடிந்தது என்பதற்கு எனக்கு இதுதான் அடையாளம். கோடை மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தைலம் காய்ச்சும் கற்பூர மரத்தை வெட்ட இந்த இடைவெளியைத் தவறவிடக் கூடாது. முன்னால் வெட்டினால் கட்டையைப் பனி கருக்கும், பின்னால் வெட்டினால் மழை அழுகவைக்கும். மேஸ்திரி பழனியாண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். வெட்ட அனுமதியும் வந்துவிட்டது.

என் கணவர் சவரிராயன் நட்ட காடு. பத்து வருடத்துக்கு ஒரு முறை அடியோடு வெட்டுவோம். வேரைத் தொடுவதில்லை. ஒரு சாண் கட்டை நிற்கும். மழைக்குப் பிறகு அதன் ஓரத்திலிருந்து துளிர்கள் கிளம்பும். அதில் நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் கழித்தால் மறுபடியும் காடு. இதுவரை மூன்று முறை வெட்டியாயிற்று, மூன்று முறையும் வந்தது. கடைசி முறை அவர் இல்லாமல் நானே நின்று வெட்டினேன். வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஆன்செல்ம் குடும்பத்தோடு வந்திருந்தபோது மறுபடியும் அதே பேச்சு. அம்மா, கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள், இந்தக் கோத்தகிரி மலையில் தனியாக எதற்கு. நவம்பரில் நான் குளியலறையில் வழுக்கியதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். வழுக்கியது, அவ்வளவுதான். பால் கொண்டுவரும் பெண் வரும்வரை எழுந்திருக்கவில்லை என்பது உண்மை. தரை குளிர்ச்சியாக இருந்தது, பொறுமையாக இருந்தேன்.

மேசையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "வர்ற வருஷம் வெட்டு. அந்தக் கட்டை துளிர்க்கலைன்னா நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு இறங்கி வர்றேன். துளிர்ச்சா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது."

"சரிம்மா, உங்க இஷ்டம்" என்றான். பத்து வருடம் வாங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். பத்து வருடம் எனக்குத் தாராளம்.

பால் அடிப்பிடித்துவிட்டது. அடுப்பு சரியில்லை.

மார்ச் 3, திங்கள்

வெட்டு தொடங்கியது. மேல் மூலையில், பாறைக்குப் பக்கத்தில் நிற்கும் மரம்தான் முதல் மரம். அதை வெட்டிவிட்டுக் கட்டையில் மஞ்சள், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிய பிறகுதான் மற்ற மரத்தில் கை வைப்பார்கள். தேங்காய் நான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். கொடுத்தேன். சவரிராயன் அந்த நேரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, சற்றுத் தள்ளி நின்றேன்.

"அம்மா, நீங்களும் ஒரு பொட்டு தொட்டு வைங்க" என்றாள் செவனம்மா. பழனியாண்டியின் மைத்துனி. இலை கழிக்க, சுள்ளி கட்ட வருகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாய் நீளம்.

"எனக்கு வேற சாமி."

"அந்தச் சாமி கோவிச்சுக்கிட்டா சொல்லுங்க, நாங்க சமாதானம் பண்ணிக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அன்று முழுவதும் வேலை நடக்காது.

மிஷின் ரம்பம் பிடிக்கிறவன் புதியவன். இரண்டாவது மரத்திலேயே தோலைக் கிழித்துவிட்டான். நிறுத்தச் சொன்னேன். கட்டையின் தலை சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. தோல் மரத்தைவிட்டுப் பிரியக் கூடாது. பிரிந்தால் அங்கே துளிர் வராது. பழனியாண்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மா ஸ்கூலு ஆரம்பிச்சிருச்சு, கவனமா அறுடா" என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

அதற்குப் பிறகு ஒரு கட்டையிலும் குறை சொல்ல முடியவில்லை.

மார்ச் 5, புதன். திருநீற்றுப் புதன்.

பூசைக்குப் போக ஜீப் கிடைக்கவில்லை. வீட்டிலேயே ஜெபம். ஒரு வேளை உணவு.

மதியம் சொல்லாமல் ஆன்செல்ம் வந்தான். வங்கிக்கு லீவு போட்டுவிட்டு இவ்வளவு தூரம். வண்டியிலிருந்து ஒரு பெரிய வெள்ளை கேனை இறக்கினான்.

"என்னடா இது?"

"கட்டைக்கு மருந்தும்மா. இப்ப கீழ எல்லாரும் பூசறாங்க. பூஞ்சை பிடிக்காது, கரையான் ஏறாது. வெட்டின உடனே பூசிடணும். காயவிட்டுப் பூசினா பிரயோஜனம் இல்ல."

கேனில் சீட்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பெயர் இல்லாத மருந்தை வீட்டுக்குள் விடுவது என் பழக்கம் இல்லை என்றேன். பெரிய டிரம்மிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்களாம். திறந்து பார்த்தேன். டீசல் வாடை. பார்க்க நீலம். பூசிய கட்டை எது, பூசாதது எது என்று தெரிவதற்காக நிறம் சேர்க்கிறார்களாம். அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

"முக்கியமா தோல் ஓரத்துலம்மா. நடுவுல பூசாட்டியும் பரவால்ல. ஓரத்தைச் சுத்தி நல்லா பூசச் சொல்லுங்க."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதுவதில் தவறில்லை. மரத்தின் உயிர் நடுவில் இல்லை, தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய வளையத்தில்தான் ஓடுகிறது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் கரும்பலகையில் வரைந்து காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. இதை இவனுக்கு இந்தக் காட்டில் வைத்து எத்தனை முறை சொல்லியிருப்பேன். காதில் வாங்காமல் கல்லை உதைத்துக்கொண்டு நிற்பான். வாங்கியிருக்கிறான்.

சாப்பிடச் சொன்னேன். அவசரமாகப் போக வேண்டும் என்றான். வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியை இறக்கி, "ஒண்ணும் விட்டுப்போயிடாம பாத்துக்கங்கம்மா" என்றான்.

மார்ச் 6, வியாழன்

செவனம்மாவிடமும் இன்னொரு பெண்ணிடமும் பிரஷ் கொடுத்துப் பூச வைத்தேன். மேலாகத் தடவிவிட்டுப் போகிறார்கள். ஓரத்தைக் காட்டி, இங்கேதான் உயிர் இருக்கிறது, இதில் இறங்க வேண்டும் என்றேன்.

"கலியாணப் பொண்ணுக்கு மருதாணி வைக்கிற மாதிரில்ல வைக்கச் சொல்றீங்க" என்றாள் செவனம்மா.

"அப்படித்தான் வை."

முதல் கட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். சாமி கும்பிட்ட கட்டையாம். அதில் குங்குமத்தின்மேல் டீசலைத் தடவுவது எப்படியாம். மருந்துக்கு மதம் கிடையாது, பூஞ்சைக்கும் கிடையாது, பூசு என்றேன். "சரிம்மா, நீங்க கீழ நடங்க, கால் வலிக்கும், நான் பூசிட்டு வர்றேன்" என்றாள். முழங்கால் உண்மையிலேயே வலித்தது. இறங்கி வந்தேன்.

மார்ச் 8, சனி

பெண்கள் போன பிறகு நான் தனியாக ஒரு சுற்று பார்த்தேன். ஓடைச் சரிவில் அரைகுறையாகப் பூசியது நிறைய. ஒரு பக்கம் மட்டும் நீலம், மறுபக்கம் வெள்ளை மரம். கேனையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நானே உட்கார்ந்து முடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் இப்போது அந்தச் சரிவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நகக்கண்ணில் நீலம் ஏறிவிட்டது. சோப்புக்குப் போகவில்லை.

மாலையில் ஆன்செல்ம் தொலைபேசினான். நானே பூசியதைச் சொன்னேன்.

"நீங்க ஏம்மா தொட்டீங்க? கையுறை போட்டீங்களா? கை கழுவினீங்களா? சாப்பிடறதுக்கு முன்னாடி கழுவினீங்களா?"

கழுவினேன் என்றேன். மறுபடியும் கழுவச் சொன்னான். மூன்று முறை கேட்டான். சின்ன வயதிலிருந்தே பயந்த பிள்ளை.

மார்ச் 13, வியாழன்

கடைசி லாரி போயிற்று. இலை முழுவதும் தைலக் கொட்டகைக்குப் போய்விட்டது. கழித்த சுள்ளிகளைக் காட்டின் ஓரங்களில் அம்பாரமாகக் குவித்திருக்கிறார்கள். மேல் மூலையில் பாறைக்குப் பக்கத்திலும் ஒரு குவியல். கட்டைமேல் குவிக்காதே என்று சொன்னேனே, பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

மரம் போனதும் வீட்டுக்குள் வெளிச்சம் கொட்டுகிறது. சமையலறைச் சுவரில் இத்தனை கரி இருந்தது இப்போதுதான் தெரிகிறது. சன்னலில் நின்றால் மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி வரை தெரிகிறது. முந்தின வெட்டிலும் இப்படித்தான். அப்போது அவர் போய் ஒரு வருடம். வெறும் மலையைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பேன் என்று கேட்டவர்களிடம் ஆறு வாரம் பொறுங்கள் என்றேன். ஆறாவது வாரம் துளிர் வந்தது.

நகத்து நீலம் எலுமிச்சம்பழம் தேய்த்த பிறகுதான் போனது.

மார்ச் 30, ஞாயிறு

இன்னும் ஒன்றுமில்லை. அவசரம் என்னுடையது, மரத்துடையது அல்ல.

ஏப்ரல் 20, ஞாயிறு. உயிர்ப்புப் பெருவிழா.

நேற்று நல்ல மழை. அதிகாலைப் பூசைக்குப் பழனியாண்டி ஜீப் சொல்லி அனுப்பியிருந்தார். பூசை முடிந்து திரும்பும் வழியில் நஞ்சனின் காட்டைப் பார்த்தேன். நமக்கு அடுத்த காடு. அவரும் அதே வாரம்தான் வெட்டினார். பார்க்கச் சகிக்காத வெட்டு. ஒரு கட்டை முழங்கால் உயரம், ஒன்று கணுக்கால் உயரம், தோல் எல்லாம் நார்நாராகத் தொங்குகிறது. மருந்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எல்லாவற்றிலும் துளிர். இளம் கற்பூர இலைக்கே உரிய அந்தச் சாம்பல் நீலம், மாவு பூசியதுபோல.

அவர் காட்டில் ஓடை நெருங்கி ஓடுகிறது. ஈரம் அதிகம்.

ஆன்செல்ம் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசினான். கட்டை எப்படி இருக்கிறது என்று அவனாகக் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், இன்னும் வரவில்லை, வரும் என்று. "ம்" என்றான். பிறகு பெனிட்டாவிடம் கொடுத்துவிட்டான். மருமகள் ஆட்டுக்கறி வாங்கினீர்களா என்று கேட்டாள்.

மே 4, ஞாயிறு

பிந்தும் வருடங்கள் உண்டு. பிந்தி வருவது பலமாக வரும்.

மே 19, திங்கள்

கைத்தடியோடு ஓடைச் சரிவு வரை போனேன். கட்டைகளின் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. ஒன்றில் தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பச்சை இருக்க வேண்டும். காப்பித்தூள் நிறம். அடுத்ததிலும் அதுதான். மிகக் கவனமாக நானே உட்கார்ந்து பூசியவை இந்தச் சரிவில் இருப்பவை.

அங்கிருந்து தெரிந்தவரையில் எல்லாவற்றையும் சுரண்டினேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் செவனம்மா நின்றிருந்தாள். சன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. "கேஸ் அடுப்பைத் திருகிவிட்டுப் பத்த வைக்காம போயிட்டீங்கம்மா. ரோட்டு வரைக்கும் நாத்தம். நல்லவேளை பீடிக்காரன் எவனும் இந்தப் பக்கம் வரல" என்றாள்.

அடுப்பை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இதை ஆன்செல்மிடம் சொல்லக் கூடாது என்றேன். "நான் எதுக்குச் சொல்றேன்" என்றாள். பால்காரப் பெண் சொல்லிவிட்டாளா தெரியவில்லை, மாலையில் அவனுடைய அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஆன்செல்மும் பெனிட்டாவும் வந்தார்கள். மழை. வரவேற்பறையில் உட்கார்ந்தோம். காட்டைப் பார்க்கப் போகலாமா என்றேன். அவன் காலில் சகதி ஆகும் என்றான். சகதிக்கு அஞ்சும் பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை.

பெனிட்டாதான் ஆரம்பித்தாள். "அத்தை, கீழ்வீட்டு ரூமை உங்களுக்குன்னு வெள்ளையடிச்சு வச்சிருக்கோம். லிஃப்ட் பக்கத்துலயே. சர்ச்சுக்கு நடந்தே போயிடலாம்."

"ரூம் அஞ்சாம் மாடியில, அதை ஏன் கீழ்வீடுன்னு சொல்ற?"

"எங்க வீட்டுக்குக் கீழ்வீடு, அத்தை. நாங்க ஆறாவது."

நல்ல பெண். நான் என்ன சொன்னாலும் குரலை உயர்த்துவதில்லை. அதுவும் சமயத்தில் பொறுக்க முடிவதில்லை.

ஆன்செல்ம் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கிறிஸ்துமஸில் நான் சொன்னதை அவன் நினைவூட்டவில்லை. அதற்கு அவசியமில்லை. சொன்ன சொல்லை மற்றவர்கள் நினைவூட்டும்படி நான் இதுவரை வைத்துக்கொண்டதில்லை.

"மாதா திருநாள் இங்க முடியட்டும். அதுக்கப்புறம் வர்றேன்" என்றேன்.

"கட்டை... இன்னும் ஒரு மாசம் பாக்கலாமேம்மா" என்றான். அந்த நேரத்தில் அவன் முகம் அவனுடைய பத்து வயது முகம். பூந்தொட்டியை உடைத்துவிட்டு, காற்றில் விழுந்திருக்குமோ என்று என்னிடம் கேட்ட முகம்.

"பாத்தாச்சு" என்றேன்.

பெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான்.

ஜூன் 24, செவ்வாய்

பழனியாண்டி வந்து கட்டைகளைப் பார்த்தார். ஒன்றை உதைத்தார். தோல் கழன்று காலோடு வந்தது. "என்னாம்மா இது, ஒண்ணுகூடவா வராது" என்றார். பருவம் தவறி வெட்டிவிட்டேன், என் கணக்கு பிசகிவிட்டது என்றேன்.

"நீங்களா? பருவம் தவறியா?"

வயதாகிவிட்டது மேஸ்திரி என்றேன். அதை என் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. அவர் நம்பினாரா தெரியவில்லை. ஊரில் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

செவனம்மா வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"கோவிச்சுக்கக் கூடாது."

"விஷயத்தைச் சொல்லு."

"அந்த மொதக் கட்டைம்மா. குங்குமம் வச்சது. நான் அதுல மருந்து பூசல. பூசிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். நீங்க பாத்திருவீங்கன்னுதான் அதுமேல சுள்ளியப் போட்டு மூடுனேன். நேத்து வெறகுக்குச் சுள்ளிய உருவுனேன். வந்து பாருங்க."

பொய் சொன்னதற்காக அவளைக் கண்டித்தேன். சொன்ன வேலையைச் செய்யாமல் செய்தேன் என்பது திருட்டுக்குச் சமம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, ஆமா, வாங்க" என்றாள்.

மேல் மூலைக்கு ஏறுவது சுலபமாக இல்லை. இரண்டு இடத்தில் அவள் என்னை இடுப்பில் கைபோட்டுத் தூக்கினாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. பாறை ஓரம், அழுகிய சுள்ளிகளுக்கு நடுவில், அந்தக் கட்டை. குங்குமம் கரைந்து பழுப்பாக ஒரு கோடு மட்டும் இருக்கிறது. சுற்றிலும் துளிர். எண்ண முடியாத அளவு. வெளிச்சத்தைத் தேடி வளைந்து சுள்ளிக்கு வெளியே வந்திருக்கின்றன. சதுரமான தண்டு, எதிரெதிராக இலை, மேலே அந்த நீலச் சாம்பல் மாவு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். நாற்பது வருடமாக என் வீட்டுத் துணியில் இருக்கும் வாசனை.

செவனம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னாள்: "மருந்து பட்டதெல்லாம் செத்துப்போச்சு. படாதது ஒண்ணே ஒண்ணு, பொழைச்சிருச்சு."

"இது மேட்டு நிலம். தண்ணி தேங்காது. அதான்" என்றேன்.

என்னைப் பார்த்தாள்.

"இப்படி வேற எங்கயும் பேசாதே" என்றேன்.

"யாருகிட்ட பேசப் போறேன்" என்றாள். இறங்கும்போது என் கையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் கொடுத்தேன். அடுப்பை அவள் அணைத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

துளிர்த்தால் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. ஒன்று துளிர்த்திருக்கிறது. அதைச் சொன்னால் நான் இங்கேயே இருக்கலாம். சொன்னால், இது மட்டும் ஏன் துளிர்த்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

மழை நிற்கவில்லை. கம்பளிகளைப் பெட்டியில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று மாதா திருநாள். பூசையில் பங்குச்சாமியார் பெயர் சொல்லி எனக்காக ஜெபித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆன்செல்ம் தனியாக வண்டியோடு வந்தான். சாமான் ஏற்ற ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தச் சொன்னேன்.

"வா, ஒண்ணு காட்டணும்."

கையைக் கொடுத்தான். இரண்டு பேரும் மெதுவாக மேல் மூலைக்கு ஏறினோம். வழியெல்லாம் செத்த கட்டைகள். அவன் எதையும் பார்க்காமல் என் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தான். சின்ன வயதில் இந்தச் சரிவில்தான் சறுக்கி விளையாடுவான். டவுசர் கிழியும். அதைச் சொன்னேன். சிரித்தான். நன்றாகவே இருந்தது அந்த ஏற்றம்.

பாறையைத் தாண்டியதும் விலகி நின்று காட்டினேன். துளிர்கள் இப்போது என் இடுப்பு வரை வந்துவிட்டன. வெயில் வேறு அடித்தது. நீலமாக நின்றது.

நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"இது எப்படிம்மா விட்டுப்போச்சு?"

காற்று வந்து இலைகள் அசைந்தன. என்ன கேட்டுவிட்டோம் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தான். "அம்மா" என்றான்.

"என் கவனக்குறைவுதான்" என்றேன். "வா, இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்."

ஒரு கட்டை காடு ஆகாது. சொன்ன சொல் சொன்னதுதான்.

செவனம்மா வாசலில் நின்றாள். ஆடு மாடு மிதிக்காமல் கட்டையைச் சுற்றி முள் வைக்கச் சொன்னேன். வருகிற பனி முடிந்ததும் காற்று வரும் பக்கமாக இரண்டு துளிரை விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். இழுத்து ஒடிக்கக் கூடாது, அடியோடு கத்தியால் சீவ வேண்டும் என்றேன்.

"மருதாணி வைக்கிற மாதிரி" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

வண்டியில் ஆன்செல்ம் ஒவ்வொரு வளைவிலும் எனக்குக் குமட்டுகிறதா என்று மட்டும் கேட்டான். காற்று படக் கண்ணாடியை இறக்கிவிட்டான். குஞ்சப்பனை தாண்டியதும் அவன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். தூசி என்றான். மழைக்காலத்தில்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோயம்புத்தூர். ஐந்தாம் மாடி. அறை சுத்தமாக இருக்கிறது. அடுப்பு கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு மேலிருந்து வருகிறது. சன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டின் சன்னல்.

குறை சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் 8, திங்கள். மாதா பிறந்த நாள்.

காலையில் கோவிலுக்கு நடந்தே போய் வந்தேன். பெனிட்டா குடை பிடித்தாள்.

ஆன்செல்ம் விடியுமுன்னே கோத்தகிரிக்குப் போயிருந்தான். வீட்டை நன்றாகப் பூட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வர வேண்டுமாம். செவனம்மாவைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல் என்றேன். மாலை திரும்பி வந்தான். செவனம்மாவைப் பார்க்கவில்லையாம். மழையாம். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கால் வீக்கம் குறைந்திருக்கிறதா என்று இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

நகக்கண்ணில் நீலம்.

பெனிட்டாவைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் ஒன்றைப் பாதியாக வெட்டிக் கொண்டுவரச் சொன்னேன். அவன் கையில் கொடுத்தேன்.

"சோப்புக்குப் போகாது" என்றேன்.